நிலத்துக்கு வயிறு இல்லை

சென்னையின் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தொழிற்சாலைக்கு அடிக்கக்கூடிய பெரிய யோகம், அது நஷ்டத்தில் மூடிப்போவதுதான். ஓடிக்கொண்டிருக்கும்வரை அதை யாரும் சீந்துவதில்லை. புகை வருகிறது, லாரி வழியை மறிக்கிறது, ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் ரோட்டைக் கடக்க முடியவில்லை என்று ஆளாளுக்கு மனு எழுதுவார்கள். கேட்டில் பூட்டு விழுந்த மறுநாளே அந்த இடத்துக்குக் களை வந்துவிடும். மெயின் ரோட்டு முகப்பு, மின்சார ரயில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம், ஏர்போர்ட்டுக்கு இருபதே நிமிஷம்! (அந்த இருபது நிமிஷத்தில் பெருங்களத்தூரை விட்டு வெளியே வந்தவர் யாராவது இருந்தால் அவருக்குத் தாம்பரம் மாநகராட்சி பாராட்டு விழா எடுக்க வேண்டும்.) மிஷின் துருப்பிடிக்கும், கூரை பொத்தலாகும், ஆள் கிழடு தட்டிப்போவான். நிலம் மட்டும் நாளுக்கு நாள் இளமையாகும்.

நாடு முழுக்க மூன்றே மூன்று கார் ஓடிய காலம் ஒன்று உண்டு. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். யூனியன் கம்பெனி என்ற மெட்ராஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டாரோடு கூட்டுச் சேர்ந்து, சுதந்திரம் கிடைத்த சூட்டோடு பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் போட்ட ஆலைதான் ஸ்டாண்டர்ட். முதலில் வேன்கார்டு. 1961-ல் ஹெரால்ட். இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி வரைந்த உடம்பு, நம் ஆட்கள் தட்டி நிமிர்த்திய தகரம். அப்புறம் கஸெல். அதே ரோட்டில் சற்று வடக்கே குரோம்பேட்டையில், ஆட்டோமொபைல் எஞ்சினீயரிங்கையும் சொல்லிக்கொடுக்க 1949-ல் சி. ராஜம் எம்.ஐ.டி.யைத் தொடங்கியிருந்தார். ஒரே ரோட்டில் படிப்பும் இருந்தது, பட்டறையும் இருந்தது. ஒரு ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. வெளியே ரோவர் எஸ்டி1 என்ற சீமைக் காரின் பகட்டு. பானெட்டைத் தூக்கினால் வேன்கார்டு வம்சத்து எஞ்சின். வண்டி பெட்ரோலைக் குடித்தது. மாருதியோ 1983 டிசம்பரிலேயே வந்து ஊரை வளைத்துப் போட்டிருந்தது. 1988-ல் ஸ்டாண்டர்ட் மூடிவிட்டது. எந்த ஆலை மூடினாலும் நிர்வாகம் யூனியனைக் கை காட்டும், யூனியன் நிர்வாகத்தைக் கை காட்டும். இருக்கட்டும். இந்த உடம்புக்குள் அந்த எஞ்சினை வைக்கலாம் என்று முடிவு செய்த கூட்டத்துக்கு ஒரு ஃபிட்டரையோ டர்னரையோ கூப்பிட்டுக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. முடிவு மேலே, விளைவு கீழே.

1988-ல் மூடிய ஆலையின் சொத்துகள் கடைசியாக ஏலத்தில் போனது 2006-ல். பதினெட்டு வருஷம். ஆலை மூடியபோது நாற்பது வயதாக இருந்த ஒருவருக்கு ஏலம் விடும்போது ஐம்பத்தெட்டு. ஓய்வு பெறும் வயது வரைக்கும் ஒரு மனிதரை ஒரு வேலையும் இல்லாமல் காக்க வைத்துவிட்டுத்தான் சுத்தியலைத் தட்டியிருக்கிறார்கள். என்ன ஒழுங்கு, என்ன கச்சிதம்!

இப்படி இழுக்க நம் சட்டத்தில் வழிக்குப் பஞ்சமே இல்லை. நொடித்த கம்பெனிகளைக் குணப்படுத்த டெல்லியில் பி.ஐ.எஃப்.ஆர். என்று ஒரு வாரியம் வைத்திருந்தார்கள். 1985-ல் சட்டம் போட்டார்கள், 2016-ல் மூட்டை கட்டினார்கள். தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காரர்களுக்கு ஒரு சானடோரியம் கட்டினார். ஒரு மருந்தும் இல்லாத அந்தக் காலத்திலேயே நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் கொடுத்ததில் சிலராவது நடந்து வீட்டுக்குப் போனார்கள். டெல்லி வாரியத்துக்குப் போன கம்பெனிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஃபைல் உள்ளே போகும், ஃபைல் தடித்து வெளியே வரும், கம்பெனி வராது.

அடுத்தது நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம். 1978-ல் கொண்டுவந்தார்கள். நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரே கையில் அளவுக்கு மேல் நிலம் குவியக் கூடாது என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். 1999-ல் தமிழ்நாடு அதை ரத்து செய்தது. அதுவரை விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் கிடந்த ஆலை மனைகளுக்கெல்லாம் விலங்கு கழன்றது. விலங்கு கழன்ற நேரமும் நல்ல நேரம். மென்பொருள் கம்பெனிகள் தெற்குப் பக்கம் இடம் தேடி அலைந்த நேரம். கிரவுண்டு கணக்கில் பேசிய புரோக்கர்கள் ஏக்கர் கணக்கில் பேச ஆரம்பித்தார்கள்.

சரி, ஆலை மூடினால் வேலை பார்த்தவருக்கு என்ன கிடைக்கும்? அன்றைக்கு இருந்த தொழில் தகராறுச் சட்டப்படி ஒரு வருஷ சர்வீசுக்கு 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடு. கிராஜுவிட்டியும் அதே 15 நாள் கணக்குதான். 1988-ல் அதற்கு உச்சவரம்பு 50,000 ரூபாய். இன்று அந்த உச்சவரம்பு 20 லட்சம். ஆனால் 1988-ல் மூடிய ஆலைக்காரருக்கு 1988 வரம்புதான். சட்டம் பின்னால் திரும்பிப் பார்க்காது, கழுத்துச் சுளுக்கிவிடும்.

அந்தக் காலத்தில் கம்பெனியைக் கலைக்கச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்ட நாளோடு கடன்காரர்களின் பாக்கிக் கணக்கு உறைந்துவிடும். அன்றைக்கு என்ன தொகையோ அதுதான். 1985-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளியின் பாக்கியும் அடமானம் வைத்திருக்கும் வங்கியின் பாக்கியும் சரிசமம் என்று பெருந்தன்மையாக எழுதிவைத்தார்கள். சமத்துவம்! வங்கிக்குப் பங்கு வர பதினெட்டு வருஷம் ஆனால் வங்கி பதினெட்டு வருஷமும் உயிரோடு இருக்கும். வங்கிக்குப் பெண் கல்யாணம் இல்லை, கண் ஆப்பரேஷன் இல்லை, மளிகைக் கடையில் நோட்டுப் போட்டுக் கடன் சொல்கிற வழக்கம் இல்லை. அத்தனை பேருக்கும் கொடுத்து முடித்து மிச்சம் ஏதாவது இருந்தால் இடைப்பட்ட காலத்துக்கு வட்டி உண்டு. எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 1959-ல் எழுதிய கம்பெனி நீதிமன்ற விதி. தபால் ஆபீஸில் போட்டிருந்தால்கூட அதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

இதுதான் என் வயிற்றெரிச்சல். ஒரே கேட்டுக்குள் இருந்த இரண்டு சொத்து: ஒன்று நிலம், ஒன்று உழைப்பு. ஒன்றுக்கு ஏலம் விடுகிற நாளின் விலை. இன்னொன்றுக்குக் கதவு சாத்திய நாளின் விலை. வழக்கு ஒரு வருஷம் தள்ளிப்போனால் நிலம் ஒரு சுற்று பெருக்கும், பாக்கி ஒரு சுற்று இளைக்கும். காத்திருப்பதில் நிலத்தை யாரும் ஜெயிக்க முடியாது. அதற்கு வயிறு இல்லை.

நிலத்துக்கு மட்டுமல்ல, ஸ்டாண்டர்டில் உதிரி பாகங்களுக்குக்கூட நல்ல காலம் பிறந்தது. கட்டிய கார் கொஞ்சம், கோத்து முடிக்காமல் கிடந்த சாமான் ஏராளம். 2006-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்திலிருந்து ரிம்மர் பிரதர்ஸ் என்ற பழைய கார் சாமான் வியாபாரி வந்து, பிரிக்காமல் கிடந்த ரோவர் பாகங்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார். அங்கே ரோவர் வைத்திருக்கும் பிரியர்கள் போட்டி போட்டு வாங்குவார்களாம். ஆக, பெருங்களத்தூர் ஷெட்டில் பதினெட்டு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்த பம்பருக்குக் கப்பலேறும் பாக்கியம் கிடைத்தது. அதே பம்பரைப் பொருத்தத் தெரிந்த கை இரண்டு தெரு தள்ளி சும்மா உட்கார்ந்திருந்தது. அதைக் கேட்டு யாரும் வரவில்லை.

நிலம் கப்பலேறவில்லை, இருந்த இடத்தில் இருந்தபடியே வெளிநாடாகிவிட்டது. அங்கே இன்று நிற்பது ஸ்ரீராம் கேட்வே. கண்ணாடி போர்த்திய தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள், பக்கத்தில் அடுக்குமாடிகள். ஐ.டி. பகுதி சிறப்புப் பொருளாதார மண்டலம். 2005 சட்டம் அப்படிப்பட்ட மண்டலத்தை, அதன் வேலைகளுக்காக, இந்தியாவின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருதச் சொல்கிறது. 2020 வரை உள்ளே தொழில் தொடங்கிய கம்பெனிக்கு ஏற்றுமதி லாபத்தின் மேல் முதல் ஐந்து வருஷம் முழு வரி விலக்கு, அடுத்த ஐந்து வருஷம் பாதி. வாங்கியவர்கள் சட்டப்படி வாங்கினார்கள், சட்டப்படி கட்டினார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. எல்லாமே சட்டப்படி நடந்தது என்பதுதான் புகார்.

ஸ்டாண்டர்டின் தாய் ஆலை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துக் கான்லியில் இருந்தது. அதுவும் மூடிப்போய், அதையும் இடித்து, அங்கேயும் வியாபார வளாகம்தான் கட்டினார்கள். வெள்ளைக்காரன் ஒன்றும் யோக்கியன் இல்லை. ஆனாலும் அந்த வளாகத்து ரோட்டுக்கு ஹெரால்ட் அவென்யூ என்று பெயர் வைத்தான். நம் கட்டுமானக்காரர்களுக்கு வெனிஸ் தெரியும், மன்ஹாட்டன் தெரியும், டஸ்கனி தெரியும். மடிப்பாக்கத்தில் டஸ்கனி வரும், முடிச்சூரில் வெனிஸ் வரும். முடிச்சூர் வெனிஸில் நியாயமாவது இருக்கிறது: 2015 டிசம்பரில் அடையாறு ஆறு ஊருக்குள் வந்தபோது அங்கே படகுதான் ஓடியது.

மேடையில் பேசுகிறவர்களுக்கோ ஒரே ஒரு வெளியூர்தான் தெரியும். சென்னை ஆசியாவின் டெட்ராய்ட். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் தொழில் மாநாட்டில் இந்த வரி தவறாமல் வரும், கைத்தட்டலும் தவறாமல் வரும். அசல் டெட்ராய்ட் 2013-ல் மஞ்சள் கடுதாசி கொடுத்த சேதி இவர்கள் காதுக்கு எட்டியதா தெரியவில்லை. ஒரு வேளை எட்டித்தான் சொல்கிறார்களோ? 2021 செப்டம்பரில் ஃபோர்டு, மறைமலை நகர் ஆலையை மூடப்போகிறேன் என்று அறிவித்ததுமே அந்த இடத்தை யார் வாங்குவார்கள் என்ற ஆரூடம் களைகட்டியது. பிணம் எடுப்பதற்குள் பாகப் பிரிவினைப் பேச்சு. ஃபோர்டு திரும்பி வருகிறேன் என்று இப்போது சொல்லியிருப்பது வேறு கதை.

எனக்குத் தெரிந்த ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். ஸ்டாண்டர்ட்காரர் இல்லை, இதே தெற்குப் பக்கத்தில் வேறொரு ஆலை. பெயர் வேண்டாம், அந்த இடத்துக்கு இப்போது வக்கீல்கள் இருக்கிறார்கள். ஆலை போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது அங்கே எட்டு பிளாக் அடுக்குமாடி, கடைசி பிளாக் இன்னும் விற்பனையில். ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். போனோம்.

கேட்டில் செக்யூரிட்டி கையில் டேப்லெட். எந்த ஃபிளாட்டுக்குப் போகணும் என்று கேட்டார். ஃபிளாட் இல்லை, நான் வேலை பார்த்த இடம் என்றார் இவர். டேப்லெட்டில் அதற்குக் கட்டம் இல்லை. கெஸ்ட், டெலிவரி, வேலைக்காரம்மா, பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று ஐந்தே கட்டம். "பிளம்பர்னு போட்டுக்கப்பா, ஃபிட்டரும் கிட்டத்தட்ட அதான்" என்றார். போட்டாலும் ஏதாவது ஒரு ஃபிளாட்காரர் போனில் சம்மதம் சொல்ல வேண்டுமாம். இருபத்தொரு வருஷம் டோக்கன் போட்டு நுழைந்த கேட்டில் மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஃபிளாட் வாங்கத்தான் வந்திருக்கோம்" என்றேன். அவ்வளவுதான். தடுப்புக் கட்டை சலாம் போட்டது, பேட்டரி கார் வந்தது, எலுமிச்சை ஜூஸ் வந்தது. வேலை பார்த்தவன் என்றால் வழியில்லை, வாங்குகிறவன் என்றால் வண்டி.

விற்பனைப் பிரிவுப் பெண் நன்றாகப் பேசினார். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பத்து நிமிஷம், மெட்ரோ வரப்போகிறது, கிளப் ஹவுஸ், நீச்சல் குளம். பெரியவர் எதையும் காதில் வாங்காமல் ஒரு தூங்குமூஞ்சி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலை காலத்து மரம். அங்கிருந்து அடி அளந்து நடந்து ஓர் இடத்தில் நின்றார். ரப்பர் தரை, சறுக்கு மரம், ஊஞ்சல்.

"இது எங்க பெயிண்ட் ஷாப்பும்மா. தின்னர் கழுவுன தண்ணி, முலாம் பூசுன ஆசிட் தண்ணி, எல்லாத்தையும் இங்க குழி வெட்டித்தான் விடுவோம். வருஷக்கணக்கா."

"சார், இது கிட்ஸ் பிளே ஏரியா சார்."

"தெரியுதும்மா. அதான் சொல்றேன். இங்க போர் போட்டிருக்கீங்களா?"

அந்தப் பெண் ஜூஸ் வேண்டுமா என்று கேட்டார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்கும் மாதக் கடைசியில் கணக்குக் காட்ட வேண்டும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடியதிலிருந்து அங்கே மண்ணில் கலந்த பாதரசத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. நாடு முழுக்கப் பழைய ஆலை மண்ணை என்ன செய்வது என்பதற்குத் தனி விதி என்று ஒன்றை மத்திய அரசு அறிவித்தது 2025 ஜூலையில். அதற்குள் எத்தனை பட்டறை மண்ணின் மேல் எத்தனை ஊஞ்சல் ஆட ஆரம்பித்துவிட்டதோ. வில்லங்கச் சான்றிதழில் அடமானம் வரும், பாகப்பிரிவினை வரும், ஆசிட் வராது. எண்பது லட்சம் கடன் வாங்கிக் குடிவருகிற பையனுக்கும் பெண்ணுக்கும் தங்கள் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்த ஒரே ஆளைக் கேட்டில் நிறுத்திவிட்டார்கள்.

வெளியே வரும்போது பெரியவர் அந்தச் செக்யூரிட்டியிடம் நின்றார். ஒடிசாவிலிருந்து வந்த பையன், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். "பி.எஃப். பிடிக்கிறாங்களா தம்பி?" என்று கேட்டார். "பிடிக்கிறாங்க. கட்டுறாங்களா தெரியாது சார்" என்றான் அவன். "நம்பர் வாங்கி வச்சுக்க. போன்லயே பாக்கலாம். ஏஜென்சி மாறுனா பி.எஃப். பேப்பரையும் கேட்டு வாங்கு." அந்த வளாகத்தில் அன்றைக்கு நடந்த ஒரே உருப்படியான பேச்சு அதுதான்.

கண்ணாடிக் கட்டடத்துப் பிள்ளைகள் இதெல்லாம் அப்பா காலத்துக் கதை என்று நினைக்கலாம். ஃபிட்டர் காலத்தில் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலையை மூட அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த நூறை முந்நூறாக்கியது. 2016 திவால் சட்டம், கம்பெனி கலைக்கப்படுவதற்கு முந்தைய 24 மாதச் சம்பளப் பாக்கியை மட்டும் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அதற்கு முந்தைய பாக்கியைப் பின்வரிசைக்குத் தள்ளியது. பழையபடி கேட்டில் கூடிக் கோஷம் போடவும் வழியில்லை. மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, ராஜினாமாக் கடிதத்தை நீயே எழுது, நல்ல சர்டிஃபிகேட் தருகிறோம் என்றால் முடிந்தது. அடுத்த சுற்றில் அந்தக் கட்டடங்களும் இடிபடும். மெயின் ரோட்டு முகப்பு அப்போதும் இருக்கும்.

ஆகவே அரசாங்கத்துக்கு ஒரு யோசனை. காசு செலவில்லாதது. இனிமேல் ஆலை மூடினால் தொழிலாளியின் பாக்கியை ரூபாயில் எழுத வேண்டாம், சதுர அடியில் எழுதுங்கள். மூடுகிற நாளின் கைடுலைன் மதிப்பைப் போட்டு, அவருடைய கிராஜுவிட்டி, நஷ்ட ஈடு, சம்பளப் பாக்கி எல்லாம் சேர்த்தால் அந்த நிலத்தில் எத்தனை சதுர அடி வருகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். நிலம் என்றைக்கு விற்கிறதோ அன்றைக்கு அன்றைய விலையில் அந்தச் சதுர அடிக்குப் பணம். விலை இறங்கினால் அவருக்கும் இறங்கட்டும், புலம்ப மாட்டார்; இறங்குகிற கதை ஜி.எஸ்.டி. ரோட்டில் இல்லை.

வங்கிகள் இதை ஒப்புக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியும். சாதாரணத் தொழிலாளி ரியல் எஸ்டேட் ஊகத்தில் இறங்கலாமா, அவனுக்கு அது ஆபத்தில்லையா என்று பதறுவார்கள். தொழில் சங்கங்களின் கூட்டமைப்பு, அதாவது முதலாளிகள் சங்கம், முதலீட்டுச் சூழல் கெட்டுவிடும் என்று அறிக்கை விடும். பொருளாதார நிபுணர் ஒருவர் டி.வி.யில் தலையை ஆட்டுவார். சட்டத் துறை ஒரு குழு போடும். ஆனால் இப்படி ஒரு விதி வந்த மறுநாளிலிருந்து ஓர் அதிசயத்தைப் பார்க்கலாம். பதினெட்டு வருஷம் இழுத்த வழக்குகள் பதினெட்டு மாதத்தில் முடியும். வாய்தா கேட்க ஆள் இருக்காது. இழுத்தடிக்கிற ஒவ்வொரு வருஷமும் ஃபிட்டரின் பங்கும் கூடவே வளரும் என்றால், அப்புறம் எவன் இழுத்தடிப்பான்?